அறைக்கு ஓர் ஓணான்

அந்த வருடம் வெள்ளம் வந்தபோது டாரோ கிராசிங்கில் ஒரு சொட்டு மழை இல்லை. மழையெல்லாம் வடக்கே எங்கோ பெய்திருந்தது. புல்லூ ஆறு அதைச் சுமந்துகொண்டு, வெயில் காயும் சமவெளி வழியாக, எந்த அவசரமும் இல்லாமல் நடந்து வந்தது. டெலிஸ் ஹார்க்ரீவ் காலையில், நெடுஞ்சாலையோரம் தான் நடத்திய மோட்டலின் பின்பக்கம் துணி உலர்த்த வந்தபோது வேலிக்கு அப்பால் ஒரு நீலக் கோடு தெரிந்தது. கானல் என்று நினைத்தாள். காய்ந்த துணியை எடுக்க வந்தபோது அந்தக் கோட்டின் மேல் இரண்டு கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன.

கோடையில் அந்த ஊர்ப்பக்கம் பயணிகள் யாரும் வருவதில்லை. கூலபா மோட்டலின் எட்டு அறைகளும் விரித்த படுக்கை கலையாமல் மாதக்கணக்கில் கிடக்கும். டெலிஸ் மட்டும் வரவேற்பறைக்குப் பின்னாலிருந்த, கட்டில் போட்டால் அலமாரி திறக்காத சின்ன அறையில் படுத்துக்கொள்வாள். ஐம்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். கோடையில் அவளுக்குத் துணை ஒரு தாடி ஓணான், முகவாயின் அடியில் தாடிபோல் முள் சிலிர்க்கும் வளர்ப்பு இனம். மிஸஸ் பிம் என்று பெயர், துணி துவைக்கும் அறையில் அதற்குத் தனிக் கூண்டு. போன வசந்தத்தில் ஒரு சிநேகிதி ஊருக்குப் போவதற்காகத் தன் ஆண் ஓணானை இவளிடம் விட்டுப் போனாள். அது தங்கிப் போனதன் பலனாக மிஸஸ் பிம் மணலைத் தோண்டி முட்டையிட்டது. தேறிப் பொரிந்தவை பதினொன்று.

ஒவ்வொன்றும் விரல் நீளம். மணல் நிறம், முதுகில் யாரோ ஊசி முனையால் வரைந்ததுபோல் கோலம். தாடி இன்னும் வரவில்லை, தாடி வரப்போகும் முகவாய் மட்டும் வந்திருந்தது. வரவேற்பறைக் கவுண்டரின் மேல் நீளக் கண்ணாடித் தொட்டியில் ஒரே விளக்கின் கீழ் அவை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் படுத்துக் கிடக்கும். ஒன்றின் தாடை இன்னொன்றின் தலைமேல், அதன் கை மூன்றாவதின் கண்மேல். டெலிஸ் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பாள். ரயில் பாதை வேலைக்காரர் வீட்டில் ஏழு பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவள் அவள். ஏழு பேருக்கும் இரண்டு கட்டில். எந்தக் கால் யாருடையது என்று தெரியாத தூக்கம் அது. அதற்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

குட்டிகளில் மிகச் சிறியது ஒன்று இருந்தது. டெலிஸ் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அது ஒரு முன்னங்கையைத் தூக்கிக் காற்றில் மெல்ல வட்டம் போடும், வழியனுப்புவதுபோல. டெலிஸும் பதிலுக்குக் கையசைப்பாள்.

கால்நடை மருத்துவர் ப்ரானா மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், சார்ல்வில்லில் இருந்தாள். முட்டை பொரிந்த வாரத்திலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

"பெருசு, சிறுசு பாத்துப் பிரிச்சிடுங்க டெலிஸ். முடிஞ்சா தனித்தனியாவே வச்சிடுங்க."

"ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒட்டுதலா இருக்குதுங்க தெரியுமா? கட்டிப்பிடிச்சுத்தான் தூங்குதுங்க."

"அது ஒட்டுதல் இல்ல. நல்ல இடத்தை யார் பிடிக்கறதுன்னு போட்டி. மேல படுத்திருக்கறது சூட்டை வாங்கிக்குது. கீழ இருக்கறதுக்கு மிச்சம் மீதிதான்."

"சரி, சரி, பிரிச்சிடறேன்," என்றாள் டெலிஸ். பிரிக்கவில்லை. ஒரு உயிரைத் தனியாக ஒரு டப்பாவில் போட அவளுக்குக் கை வரவில்லை.

வெள்ளம் வந்த மறுநாள் கிழக்கே போகும் சாலை தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. அதன் பிறகு மேற்கே போகும் சாலையும். சாலை மறைந்ததால் தபால் லாரி வரவில்லை. தபால் லாரி வராததால் அதில் வாராவாரம் உயிரோடு வரும் சுவர்க்கோழிப் பூச்சிகளின் பெட்டியும் வரவில்லை. குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. டெலிஸ் பூசணிக்காயைத் துருவி வைத்தாள். வாசல் செம்பருத்தியைக் கிள்ளிப் போட்டாள். குட்டிகள் பூசணியை மிதித்துக்கொண்டு நடந்தன. வெறும் தரையை உற்றுப் பார்த்தன. எது அசைந்தாலும் பதினோரு தலைகளும் சட்டென்று திரும்பின.

தொட்டியில் ரத்தத்தை முதலில் பார்த்தது ஒரு காலை நேரத்தில். கண்ணாடியில் பென்சிலால் புள்ளி வைத்ததுபோல் சிவப்பு. சிறியதின் பின்னங்காலில் இரண்டு விரல்களைக் காணோம். கல்லில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து எல்லாக் கல்லையும் எடுத்து வெளியே போட்டாள். அப்புறம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து கவனித்தாள்.

விளக்கடியில் பெரியது ஒன்று தட்டையாகப் படுத்திருந்தது. எதிரே இன்னொன்றின் வால் நுனி, தூக்கத்தில் துடிப்பதுபோல், லேசாக ஆடியது. பெரியது தலையைச் சாய்த்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு புழுவைப் பிடிப்பதுபோலவே, கோபமோ வன்மமோ எதுவும் இல்லாமல், லபக்கென்று கவ்வியது.

டெலிஸின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. அப்படியே எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"ப்ரானா, கடிச்சிக்குதுங்க. ஒண்ணோட வாலை இன்னொண்ணு திங்குது."

"பிரிச்சீங்களா?"

டெலிஸ் தொட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, விடுங்க. இப்போ பிரிங்க. எத்தனைக்குக் காயம்?"

"மூணு. சின்னதுக்கு ரெண்டு விரல் போச்சு. ஒண்ணுக்கு வால் நுனி. இன்னொண்ணுக்கு... தொடைகிட்ட கிழிஞ்சிருக்கு. நான் இதுவரைக்கும் பாக்கவே இல்ல ப்ரானா. அது எப்பவும் அடியிலயே கெடந்துச்சு."

"அயோடின் மருந்து இருக்கா? கொதிச்சு ஆறின தண்ணில சொட்டுச் சொட்டா விடுங்க. பால் விடாத லேசான டீ கலர் வந்தாப் போதும், அதுக்கு மேல வேணாம். காயத்தை அதுல நனைச்சுத் துடைங்க. மணல் கூடாது, கீழ டிஷ்யூ பேப்பர் மட்டும். தினமும் மாத்தணும். வலி போக்கற களிம்பு எதையும் தடவிடாதீங்க, இந்தச் சைஸுக்கு அது விஷம். முக்கியமா, ஒண்ணு கண்ணுல ஒண்ணு படக்கூடாது. பாத்தாலே மிரளும்."

"சின்னது என்னைப் பாத்துக் கையாட்டுமே, அதுகூட மிரண்டுபோயா?"

"அது 'நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாத'ன்னு சொல்றது, டெலிஸ்."

டெலிஸ் தொலைபேசியை வைத்துவிட்டுக் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தண்ணீர் இப்போது சாலையோரப் பலகையின் காலைத் தொட்டிருந்தது.

டப்பாக்களுக்குக் குறைவில்லை. துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஆனால் விளக்குக்கு எங்கே போவது? வரவேற்பறையில் இருந்ததே இரண்டு பிளக். அப்போதுதான் அவளுக்கு அறைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் கழுத்தை வளைக்கும் படிப்பு விளக்கு. சூடே வராத புது பல்புகள் அவளுக்குப் பிடிக்காது என்பதால் பழைய மஞ்சள் பல்புகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தாள்.

மதியத்துக்குள் எல்லோரையும் குடியேற்றிவிட்டாள். பெட்டி வைக்கும் பலகையின் மேல் தொட்டி, தொட்டிக்குள் காகிதம், ஏறிக் காய ஒரு செங்கல், செங்கலுக்கு மேல் குனிந்த விளக்கு. அறைக்கு ஓர் ஓணான். மிச்சம் மூன்றில் ஒன்று சமையலறைக்கு, ஒன்று வரவேற்பறைக்கு, வாலைக் கடித்த பெரியது அவளுடைய சொந்த அறைக்கு. அதுவரை பெயரில்லாமல் இருந்த குட்டிகளுக்கு அன்றிலிருந்து அறை எண்ணே பெயராயிற்று. சின்னது ஒன்றாம் நம்பர். தொடை கிழிந்தது இரண்டாம் நம்பர். வால் போனது ஆறாம் நம்பர்.

வெயில் சாயும் நேரம். மோட்டலின் எட்டு சன்னல்களிலும் மஞ்சள் விளக்கு எரிய, எட்டும் தலைகீழாகத் தண்ணீரில் மிதந்தன. வெளியே வந்து அதைப் பார்த்த டெலிஸுக்கு, இந்த மோட்டலை வாங்கியதிலிருந்து எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் விளக்கு எரிவது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

ஆன்செல்ம் கியோவும் அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் வந்தான். நாற்பதைத் தாண்டிய பல் மருத்துவன். ஊர் ஊராகப் போகும் பல் வைத்தியப் பேருந்தை மேட்டில் இருந்த பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்து வந்திருந்தான்.

"ஒரு ரூம் வேணும். ரெண்டு பக்கமும் ரோடு போயிடுச்சு."

"ரூம் எதுவும் காலி இல்லையே," என்றாள் டெலிஸ்.

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். ஒரு வண்டி இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. "எட்டும் போயிடுச்சா?"

"எட்டும்."

"யாரு இருக்கா?"

டெலிஸ் கவுண்டரின் மேலிருந்த தொட்டியைக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். விரல் நீள ஓணான் ஒன்று விளக்கடியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"இவங்க அண்ணன் தம்பிங்க," என்றாள் டெலிஸ். "கொஞ்சம் சண்டை. தனித்தனியாத் தங்கியிருக்காங்க."

ஆன்செல்ம் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாடுகிறாளா என்று தெரியவில்லை. "நான் பஸ்ல பல் புடுங்கற நாற்காலியிலதான் ரெண்டு நாளாத் தூங்கறேன்," என்றான். "தலை பின்னால போகுது, கால் மேல போகுது. கனவுல யாரோ வந்து வாயைத் தெறன்னு சொல்றாங்க."

"ஓணான்னா பயமா?"

"பிடிக்காது."

"அப்போ ஆறாம் நம்பர். ரொம்பச் சாது. வாலை வேற கடிச்சுட்டாங்க, பாவம். விளக்கு மட்டும் சாயங்காலம் அணைக்கணும், காலையில போடணும். வேற ஒண்ணும் கேக்காது."

அவன் ஆட்டிறைச்சியும் டப்பா பீட்ரூட்டும் சாப்பிட்டுவிட்டு ஆறாம் நம்பர் அறைக்குப் போனான். மறுநாள் பத்து மணிவரை எழுந்து வரவில்லை. வந்தபோது தலைமுடியெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்திருந்தது.

"நல்லாத் தூங்கினீங்களா?"

"ஆச்சரியமா இருக்கு. அதுவும் எழுந்திருக்கல, நானும் எழுந்திருக்கல." அவன் காபியைக் கலக்கிக்கொண்டே யோசித்தான். "அது வாலு நுனி கறுத்திருக்கு. பாத்தீங்களா?"

அதற்குப் பிறகு நாட்களுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வானத்தை ஏந்திக்கொண்டு சும்மா நின்றது. காலையில் டெலிஸும் ஆன்செல்மும் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து முற்றத்துப் புல்லில் வெயில் காட்டினார்கள். கேக்கை ஈ மொய்க்காமல் மூடும் வலைக்குடைகள் சமையலறையில் நிறைய இருந்தன. ஓர் ஓணானுக்கு ஒரு குடை. இடையிடையே தலையணை உறைகளைக் கொடியில் தொங்கவிட்டார்கள், ஒன்றையொன்று பார்க்காமலிருக்க. வெள்ளைத் துணிகள் ஆட, வலைக்குடைகளின் அடியில் குட்டிகள் வயிற்றைத் தட்டையாக்கி வெயிலைக் குடித்தன.

சாப்பாட்டுக்கு வெள்ளமே வழி செய்தது. நீர் தொட்ட இடமெல்லாம் பச்சை முளைத்து, பச்சையில் வெட்டுக்கிளிகள் பொரிந்திருந்தன. மருந்தடிக்காத நிலம் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு ப்ரானா சம்மதித்தாள். இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி எதையும் கொடுக்கக்கூடாது என்றாள். டெலிஸ் ஒரு முனையும் ஆன்செல்ம் ஒரு முனையும் பிடித்துக்கொண்டு படுக்கை விரிப்பைப் புல்மேல் இழுத்து நடப்பார்கள். விரிப்பு நிறையப் பச்சைத் துகள்கள் குதிக்கும். மளிகைக்கடை ஷார்லீன் தன் தகரப் படகில் ரொட்டி கொண்டுவந்தவள், துடுப்பை நிறுத்திவிட்டு இதைப் பார்த்தாள்.

"டெல், விரிப்புத் துவைக்க ஆள் வச்சிருக்கன்னு சொல்லவே இல்லையே."

"பல் டாக்டர் ஷார்லீன். மாட்டிக்கிட்டாரு."

"பல் டாக்டரா? எங்க வீட்டுக்காரர் கடைவாய்ல ஒண்ணு மூணு மாசமாத் தொல்லை குடுக்குது. ஓணானுக்கு முன்னாடி வரிசைல நிக்கணுமா, பின்னாடியா?"

"பின்னாடி," என்றான் ஆன்செல்ம். "ஆனா வரட்டும்."

மதியங்களில் காயம் துடைக்கும் வேலை. ஆன்செல்ம் நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியைப் பேருந்திலிருந்து எடுத்து வந்திருந்தான். டெலிஸ் குட்டியை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் முதுகை லேசாக அணைத்துக்கொள்வாள். அவன் டீ நிறத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுப்பான். ஓணான் பிடிக்காது என்று அப்புறம் அவன் சொல்லவில்லை. ஒன்றாம் நம்பரின் விரல் காயங்கள் வேகமாக மூடின. இரண்டு மொட்டைக் குச்சிகளாகக் காய்ந்து சுத்தமாகிவிட்டன. அது இப்போது கையைச் சுற்றுவதில்லை. தன் செங்கல்லின் மேல் ராஜா மாதிரி நடுவில் உட்கார்ந்து, வெட்டுக்கிளியை மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தின்றது.

இரண்டாம் நம்பர் தின்னவில்லை. தொடை வீங்கி, தோல் இறுகிப் பளபளத்தது. விளக்கடிக்குக்கூடப் போகாமல் தொட்டியின் மூலையில் ஒண்டிக்கொண்டது.

"உள்ள சீழ் பிடிச்சிருக்கணும்," என்றாள் ப்ரானா. "அதுக்கு ஊசி வேணும். மருந்து என்கிட்ட இருக்கு டெலிஸ், நடுவுல தண்ணி இருக்கு. உங்க பக்கத்துப் பண்ணை ஒண்ணுல மாடு பாக்க வரணும். பாதை கொஞ்சம் காயட்டும், வர்றேன்."

அது வரை இரண்டாம் நம்பர் காத்திருக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் டெலிஸ் காகிதம் மாற்றப் போனபோது அது மூலையை விட்டு வெளியே வந்து, விளக்கின் வட்டத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தது. கையில் எடுத்தாள். வெயிலில் கிடந்த இலைபோல் சூடாக இருந்தது, எடையே இல்லை.

முற்றத்து ஓரத்தில் ஈரம் ஏறாத மண்ணாகப் பார்த்து ஆன்செல்ம் குழி தோண்டினான். முடிந்ததும் இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். கிளிக்கூட்டம் ஒன்று ஓசையோடு தண்ணீரைக் கடந்து போயிற்று.

"தனியாப் போட்டதாலதான் செத்துச்சோ?" என்றாள் டெலிஸ்.

"இல்ல. கடிச்சதால."

"நான் முன்னாடியே பிரிச்சிருந்தா?"

அவன் பொய் சொல்லவில்லை. "பொழச்சிருக்கும்னு நெனைக்கிறேன்," என்றான்.

டெலிஸ் தலையாட்டினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பதினேழு வயசுல வேலைக்குப் போன இடத்துல எனக்குன்னு ஒரு ரூம் குடுத்தாங்க. கதவை மூடினா உள்ள நான் மட்டும். செத்துடுவேன்னு நெனச்சேன். யாரும் மூச்சு விடற சத்தமே கேக்கல. ஒரு வாரம் நாற்காலியை வெளிய போட்டு உக்காந்தே தூங்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடுச்சு. பழகினது எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்." அவள் சிரித்தாள். "இதுங்களப் பாத்தா, ஒண்ணு மத்ததைத் தேடவே இல்ல. தின்னுது, தூங்குது, நிறம் ஏறுது. நான்தான் ரூம் ரூமாப் போய் ஒவ்வொண்ணுகிட்டயும் மத்தவங்க நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டு வர்றேன்."

"ஆறாம் நம்பர்கிட்ட நீங்க சொன்னதைக் கேட்டேன்," என்றான் ஆன்செல்ம். "நாலாம் நம்பர் தோல் உரிக்குதாமே."

"கேட்டீங்களா? நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சேன்."

"பாதித் தூக்கம். கேக்க நல்லா இருந்துச்சு."

ஆறாம் நம்பரின் கறுப்பு நிற்கவில்லை. நெல்மணி அளவு இருந்தது, ஒவ்வொரு வளையமாக வால் வழியே மேலே ஏறியது. ஆன்செல்ம் கறுப்பு முடியும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். மறுநாள் புள்ளி கறுப்புக்குள் இருந்தது. தொலைபேசியில் கேட்ட ப்ரானா, "செத்த சதை. நல்ல இடமாப் பாத்து நறுக்கணும், இல்லன்னா முதுகுவரைக்கும் போயிடும்," என்றாள். "வெட்டினா மறுபடி வளராது. பல்லி வால் மாதிரி இல்ல இது. ஆனா வால் இல்லாமப் பொழைக்கும். நாளைக்கு நான் பண்ணைக்கு வர்றேன். கிழக்கு ரோடு தண்ணியை விட்டு வெளிய வர்ற எடத்துல வண்டியை நிறுத்தறேன். அதுவரைக்கும் படகு வருமா?"

ஷார்லீனின் படகு வந்தது. கடைவாய்ப் பல் கழன்ற நிம்மதியில் இருந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, மோட்டாருக்கு எண்ணெயும் அவளே ஊற்றினாள். ஆன்செல்ம் முன்னால் ஏறிக்கொள்ள, டெலிஸ் நடுவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே துண்டில் பொதிந்த வெந்நீர்ப் பாட்டில், அதன்மேல் ஆறாம் நம்பர்.

சாலைக்கு மேலேயே போனார்கள். தெளிந்த தண்ணீரின் அடியில் நடுக்கோடு வெள்ளையாக ஓடிவந்தது. வேலிக் கம்பிகளின் மேல் வரிசையில் மட்டும் முள் தெரிந்தது. ஓர் ஆள் உயரப் பலகை, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, மாடு குறுக்கே வரும், மெதுவாகப் போ என்று எச்சரித்தது. ஷார்லீன் மோட்டாரைத் தணித்தாள்.

"சட்டப்படி நடக்கணும் இல்ல," என்றாள்.

தாமரை இல்லை, பாசி இல்லை. மரங்கள் மட்டும் தங்கள் நிழல்களோடு இடுப்பில் ஒட்டி நின்றன. டெலிஸ் டப்பாவின் மூடியைச் சற்றே தூக்கினாள். ஆறாம் நம்பர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, இவ்வளவு வானத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

தார்ச்சாலை தண்ணீரிலிருந்து ஏறும் இடத்தில் சேறு படிந்த வண்டி நின்றிருந்தது. பின்கதவைச் சாய்த்துத் துணி விரித்து ப்ரானா தயாராக இருந்தாள். முப்பது வயதுக்காரி, முழங்கைவரை மாட்டு வாசனை. டெலிஸும் அவளும் தொலைபேசியில் எத்தனையோ தடவை பேசியிருந்தாலும் நேரில் பார்ப்பது அப்போதுதான்.

"நீங்க உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள் ப்ரானா.

"நான் உன்னைக் கிழவின்னு நெனச்சேன்."

மயக்க ஊசி மருந்து ஒரு துளிக்கும் குறைவு. அது வேலை செய்யும்வரை மூவரும் வண்டி நிழலில் நின்றார்கள். பிறகு ஆன்செல்ம் தன் பூதக்கண்ணாடியைக் கழற்றி ப்ரானாவின் நெற்றியில் மாட்டிவிட்டான். டெலிஸ் வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினாள். ப்ரானா நல்ல சதையில் இடம் பார்த்து, ஒரே அழுத்தில் நறுக்கினாள். இரண்டு சிவப்புத் துளி. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள், காயம் மூடும் பசையைத் தொட்டு வைத்தாள். டெலிஸ் மூச்சை விடவே இல்லை. குட்டி மட்டும் சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது," என்றாள் ப்ரானா. "காயம் துடைச்சிருக்கற விதம் நல்லா இருக்கு. யாரு?"

"ரெண்டு பேரும்," என்றான் ஆன்செல்ம்.

ப்ரானா டெலிஸைப் பார்த்தாள். "இன்னொண்ணைக் காப்பாத்த முடியல. எனக்கும் கஷ்டமா இருந்துச்சு."

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் நான்."

"பாதிப் பேர் கேக்க மாட்டாங்க, டெலிஸ். கட்டிப்பிடிச்சுத் தூங்கற மாதிரிதான் இருக்கும் பாத்தா. நானே என் முதல் ரெண்டை ஒண்ணா வச்சவதான்."

கிளம்பும்போது வண்டியின் முன்சீட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துத் தந்தாள். தபால் நிலையத்தில் தேங்கிக் கிடந்த சுவர்க்கோழிகள். திரும்பும் வழியெல்லாம் படகின் நடுவில் அந்தப் பெட்டி பாடிக்கொண்டே வந்தது. ஷார்லீன் மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டாள். தண்ணீருக்கு மேல் ஒரு புல்வெளியே மிதந்து போவதுபோல் அந்தச் சத்தம் அவர்களோடு வந்தது.

தண்ணீர் வந்ததுபோலவே போயிற்று, யாரிடமும் சொல்லாமல். சாலையின் முதுகு தெரிந்தது. அதன் மேல் சேறு, சேற்றின் மேல் நாரைக் கால் தடங்கள். ஆன்செல்ம் போவதற்கு முன் தன் அறைப் படுக்கையை அவனே மடித்து வைத்தான். ஆறாம் நம்பரின் விளக்கைப் போட்டான்.

"அடுத்த சுத்து ஆகஸ்ட்ல வரும்," என்றான். "அப்ப ரூம் கெடைக்குமா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றாள் டெலிஸ், அறைப்பக்கம் கையைக் காட்டி.

இலையுதிர் காலத்துக்குள் குட்டிகள் உள்ளங்கைக்கு அடங்காமல் வளர்ந்தன. ஓணான் வளர்க்க உரிமம் வைத்திருப்பவர்களாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வாங்கவந்த ஒவ்வொருவரிடமும், துணை வேண்டும் என்று இன்னொன்றை வாங்கி அதே தொட்டியில் விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. ஒன்றாம் நம்பரை ஷார்லீன் கடைக்குக் கொண்டுபோனாள். பதினெட்டு விரலோடு அது கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி அதட்டுகிறது என்று செய்தி வந்தது. வாலைக் கடித்த பெரியதை ஒரு பள்ளி ஆசிரியை வாங்கிப்போனாள். அது நல்ல பிள்ளை, பசியில்தான் அப்படிச் செய்தது என்று டெலிஸ் வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆறாம் நம்பரை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. குளிர்காலப் பயணிகள் வரத் தொடங்கியதும் அதை எங்கே மாற்றுவது என்று யோசித்தாள். தன் அறைக்கு மாற்றலாமென்றால், வளர்ந்த ஓணானுக்கு வேண்டிய பெரிய தொட்டி வைக்க அங்கே இடமில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தன் துணிகளையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பர் அறைக்கு அவளே குடிபோனாள். பயணிகளுக்கு இனி ஏழு அறைதான்.

முதல் நாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அகலக் கட்டில், கையை நீட்டினால் எதிலும் இடிக்கவில்லை. மறுபக்கம் விளக்கடியில் மொட்டை வால் செங்கல்லோடு ஒட்டிக் கிடந்தது, முகவாயின் அடியில் புதிதாகக் கறுத்த தாடி. அவள் தூங்கிப்போனாள். சாலையிலிருந்து யாரோ வந்து வரவேற்பறை மணியை இரண்டு தரம் அடித்தார்கள். அது அவள் காதில் விழவில்லை.